தண்ணீரில் மிதக்கும் இலைத்துண்டு: நெல்வயல் கூண்டுப்புழு அந்துப்பூச்சியை அடையாளம் காண ஒரு முழு வழிகாட்டி

நட்டு இருபது நாளான சம்பாப் பயிர். ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தது. வயலின் தென்மேற்கு மூலையில், வரப்பை ஒட்டி, பச்சைத் துணுக்குகள் தண்ணீர்மேல் ஒதுங்கிக் கிடந்தன. பீன்ஸ் நறுக்கிக் கொட்டின மாதிரி. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "ஆடு இறங்கியிருக்குடா" என்றார். ஆடு மேய்ந்திருந்தால் இலை அதன் வயிற்றுக்குள் போயிருக்கும், நறுக்கி மிதக்கவிட்டிருக்காதே என்று ஒன்றைக் கையில் எடுத்தேன். சுருட்டின பீடி மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும், ஒரு முனையிலிருந்து தேன் நிறத்தில் கடுகளவுத் தலை ஒன்று எட்டிப் பார்த்து, சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

அதுதான் கூண்டுப்புழு. வளர்ந்து வெள்ளையாக ஒரு சின்ன அந்துப்பூச்சி ஆகும். விஞ்ஞானப் பெயர் பாராபோயின்க்ஸ் ஸ்டாக்னாலிஸ். பழைய வேளாண் புத்தகங்களில் நிம்புலா டிபங்டாலிஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். 1852-ல் ட்ஸெல்லர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் இதை விவரித்தார். ஸ்டாக்னாலிஸ் என்ற சொல்லுக்கு அடி லத்தீன், தேங்கி நிற்கும் தண்ணீர் என்று பொருள். எங்கே தேட வேண்டும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது என்றதும் பலர் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் படம் பிடிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கி இரண்டு வருஷம் குழம்பினேன். இந்த இனத்துக்கு அது தலைகீழ் வழி. சிறகு முளைத்த பூச்சி சில நாள்தான் உயிரோடு இருக்கும், அதுவும் ராத்திரியில். அதே அளவில், அதே வெள்ளையில் இன்னும் பல பூச்சிகள் டெல்டாவில் உண்டு. ஆனால் இலையைக் கத்தரித்துச் சுருட்டி, தண்ணீரில் படகாக விட்டு, அதற்குள் குடியிருக்கும் புழு நம் நெல்வயலில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதனால் கூண்டிலிருந்து தொடங்குங்கள், பூச்சி தானாகக் கைக்கு வரும்.

எப்போது, எந்த மூலையில்

இதற்கு இரண்டு விஷயம் சேர வேண்டும்: இளம்பயிர், நிற்கிற தண்ணீர். நாற்றங்காலிலிருந்து தூர் கட்டி முடியும் வரைதான் காலம். பயிர் தொண்டை கட்டிய பிறகு, அதாவது கதிர் உள்ளே உருவாகித் தண்டு பருத்த பிறகு, தேடிப் போவது வீண் வேலை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து, கல்லணை வழியாகத் தண்ணீர் நேரத்துக்கு வந்த வருஷத்தில், குறுவை நட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பார்க்கலாம். சம்பாவுக்குப் புரட்டாசி, ஐப்பசி. தாளடிக்கு ஐப்பசி, கார்த்திகை. ஒரே வருஷம் கண்ணில் பட வேண்டும் என்றால் என் யோசனை, வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வடியாமல் நிற்கும் தாழ்வான சம்பா வயல். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி பக்கம் இறங்கினால் அப்படிப்பட்ட களிமண் வயலுக்குப் பஞ்சமே இல்லை. ஒற்றை நாற்று நட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் வயலில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

இந்தக் கூண்டுக்குத் துடுப்பு கிடையாது. பகலில் தண்ணீர்மேல் மிதக்கும்போது காற்று தள்ளின பக்கம் போகும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் குறுவையில் கிழக்கு வரப்பை ஒட்டிப் பாருங்கள். வாடைக் காலத்தில் தெற்கு, தென்மேற்கு மூலை. வயல் நடுவே சேற்றில் இறங்கி உழக்க வேண்டியதில்லை, காற்று ஒதுக்கி வைத்த இடத்தில் வரப்பிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். பாதிப்பு வயல் முழுக்க ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம். மடை திறந்திருந்தால் மேல்வயல் கூண்டு கீழ்வயலுக்கும் இறங்கிவிடும்.

முதலில் இலையைப் படியுங்கள்

கூண்டு தென்படவில்லையா? பரவாயில்லை, தோகையைப் பாருங்கள். இரண்டு தடயம் இருக்கும்.

ஒன்று, வெட்டு. நுனியிலிருந்து சில சென்டிமீட்டர் கீழே, இலைக்குக் குறுக்கே, கத்தரிக்கோல் வைத்த மாதிரி நேராக வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுக்கிளி கடித்தால் ஓரம் கோணல்மாணலாகக் குதறியிருக்கும், இவ்வளவு சுத்தமாக இருக்காது. இங்கே ஓர் ஏமாற்று உண்டு. டெல்டாவில் நாற்றுப் பறிக்கும்போதே நுனியைக் கிள்ளிவிட்டு நடும் பழக்கம் இருக்கிறது. தண்டு துளைப்பான் நுனி இலையில் முட்டை வைக்கும் என்பதால் செய்வது, நல்ல பழக்கம்தான். ஆனால் கிள்ளி நட்ட வயலைப் பார்த்து "கூண்டுப்புழு வந்துவிட்டது" என்று நான் ஒருமுறை ஊரையே கூட்டியிருக்கிறேன். பிரித்தறிவது எளிது. மனிதர் கிள்ளியது நாற்றுக் கட்டுக் கட்டாக ஒரே உயரத்தில் இருக்கும், நட்ட பிறகு வந்த புது இலையில் அது இருக்காது. புழு வெட்டியது ஒவ்வோர் இலையிலும் ஒவ்வோர் உயரத்தில், புதுத் தோகையிலும் இருக்கும்.

இரண்டாவது, சுரண்டல். புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்கிறது, மேல்தோலை விட்டுவிடுகிறது. அந்த இடம் வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிடும். வெயிலுக்கு எதிரே இலையைப் பிடித்துப் பாருங்கள். வெளுத்த இடத்தில் குறுக்குக் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடு, ஏணிப்படி மாதிரி தெரியும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டித் தின்றதன் அடையாளம் அது. முள்வண்டு சுரண்டினால் நரம்போடு நீளவாக்கில் இணைகோடாக வெள்ளை விழும். இலைச்சுருட்டுப் புழுவும் வெள்ளையாக்கும், ஆனால் இலை செடியிலேயே மடிந்து, ஓரங்கள் நூலால் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும், அதைப் பிரித்தால் புழு உள்ளே இருக்கும். மடியாத இலை, ஏணிக்கோடு, நேர்வெட்டு மூன்றும் சேர்ந்திருந்தால் கூண்டுப்புழு என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

கூண்டைப் பிரித்துப் பார்த்தால்

ஒரு கூண்டைப் பலி கொடுத்துத்தான் இதைப் பார்க்க முடியும். வெள்ளைப் பீங்கான் தட்டில் வயல் தண்ணீர் விட்டு, கூண்டை அதில் வைத்து, குண்டூசியால் நீளவாக்கில் மெல்லக் கிழியுங்கள். உட்சுவர் முழுக்க மெல்லிய பட்டு பூசியிருக்கும். உள்ளே இருக்கும் புழு வெளிர்பச்சை, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. தின்ற பச்சை குடலில் ஓடுவதுகூடத் தெரியும். முழு வளர்ச்சியில் இரண்டு சென்டிமீட்டர் நீளம்.

இப்போது பூதக்கண்ணாடியை விலாப்பக்கம் கொண்டுபோங்கள். உடம்பின் இரு பக்கமும் வெள்ளை இழைகள் கொத்துக் கொத்தாக அலையும். அவைதான் செவுள்கள். புழுவுக்குச் செவுளா என்று முதல் தடவை நானும் நம்பவில்லை. மற்றப் புழுக்கள் விலாவில் இருக்கும் துளை வழியாகக் காற்றை இழுக்கின்றன. இது மீன் மாதிரி தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. கூண்டுக்குள் எப்போதும் தண்ணீர் வைத்திருப்பதும், உடம்பை நெளித்து நெளித்து அந்தத் தண்ணீரை ஓடவிடுவதும் இதற்காகத்தான். தட்டில் கிடக்கும்போது அந்த நெளிவைப் பார்க்கலாம், ஒரு தாளம் இருக்கும். ராத்திரி செடியில் ஏறி மேயப் போகும்போதும் கூண்டையும் அதற்குள் இருக்கும் தண்ணீரையும் சுமந்துகொண்டுதான் போகிறது. கிராமத்தில் குடத்தோடு நடக்கும் பெண்களுக்குக்கூடக் கிணற்றடியில் குடத்தை இறக்கி வைக்க ஒரு நிமிஷம் உண்டு, இதற்கு அதுவும் இல்லை.

இந்தச் செவுள் இழைதான் உறுதியான அடையாளம். தண்டு துளைப்பான் புழுவுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது கிடையாது, இத்தனைக்கும் மூன்றும் கிராம்பிடே என்ற ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

கூண்டு கட்டுவதைப் பார்க்க ராத்திரியில் போக வேண்டும். எட்டு மணிக்கு மேல் டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல், ஒரு சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பாருங்கள். புழு இலை நுனிப் பக்கம் ஏறி, ஓர் ஓரத்திலிருந்து நடுநரம்பு நோக்கி வெட்டும். வெட்டுப்பட்ட பாகத்துக்கு ஈரம் போவது குறைந்ததும் அது தானாகவே உள்பக்கம் சுருளத் தொடங்கும். அந்தச் சுருளுக்குள் நுழைந்துகொண்டு ஓரத்தோடு ஓரத்தைப் பட்டால் தைக்கும். அப்புறம் மறுபக்கத்தையும் வெட்டும். குழல் அறுந்து "டப்" என்று தண்ணீரில் விழும். நான் ஒரே ஒரு முறைதான் ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்திருக்கிறேன், கொசுக்கடிக்கு அது தகும். வளர வளரப் பழைய கூண்டு பற்றாது, புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதனால் ஒரு புழு கெடுக்கும் இலை அது தின்னும் அளவைவிட அதிகம்.

ராத்திரி வரப்பில் போவதானால் கெட்டியான பூட்ஸ், கையில் கம்பு. தவளை நிறைய இருக்கும் வரப்பில் பாம்பும் இருக்கும்.

பாட்டிலில் வளர்ப்பது

புழுவையும் பூச்சியையும் உறுதியாக முடிச்சுப் போட, வளர்த்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. செலவு ஒன்றும் கிடையாது.

அகலவாய்க் கண்ணாடிப் பாட்டில் ஒன்று. அடியில் இரண்டு விரல் சேறு, அதில் வேரோடு மூன்று நாற்று, மேலே நான்கு விரல் உயரத்துக்கு வயல் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கலாம், வேண்டாம். மருந்து அடித்து ஒரு வாரம்கூட ஆகாத வயலின் தண்ணீரும் வேண்டாம். மூன்று நான்கு கூண்டு போதும். வாயைக் கொசுவலையால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள், மூடி போட்டு இறுக்காதீர்கள். என் முதல் பாட்டிலை வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக, புழு அத்தனையும் வெளியே வந்து செத்துக் கிடந்தன. சூடான தண்ணீரில் பிராணவாயு தங்காது, செவுளால் மூச்சு விடுகிற உயிருக்கு வேறு வழியும் இல்லை. திண்ணை நிழல் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், நாற்று தீர்ந்தால் புதிதாக ஊன்றுங்கள்.

புழுப்பருவம் மொத்தம் 15 முதல் 30 நாள். வயலிலிருந்து எடுத்து வந்தது பாதி வளர்ந்ததாகத்தான் இருக்கும், அதனால் இரண்டு வாரத்துக்குள் மாற்றம் தெரியும். ஒருநாள் கூண்டு மிதப்பதை நிறுத்தும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தாளின் அடிப்பகுதியில் அதை ஒட்டவைத்து, வாயை அடைத்துக்கொண்டு புழு உள்ளே கூட்டுப்புழுவாகிவிடும். வயலில் பார்ப்பதானாலும் இங்கேதான் தேட வேண்டும், மிதக்கும் கூண்டுகளில் அல்ல. கூண்டுப்புழு, கூட்டுப்புழு என்று பெயர் குழப்பத்தான் செய்யும். முன்னது இந்த இனத்தின் பெயர், பின்னது எல்லா அந்துப்பூச்சிக்கும் பட்டாம்பூச்சிக்கும் உள்ள பருவம். அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், முதலில் பாலாடை நிறம், பிறகு வெள்ளி மாதிரி மினுக்கம். நான்கு முதல் ஏழு நாளில் ஒரு ராத்திரி வெளியே வரும். காலையில் கொசுவலையின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது பூச்சியைப் பாருங்கள்

ஒரு பூச்சியை நீங்களே வளர்த்துப் பார்த்தபின் விளக்கடியில் குழப்பம் பாதி குறைந்துவிடும். சிறகை விரித்த அகலம் ஒன்றரை சென்டிமீட்டருக்கு முன்பின். உடம்பு ஒரு நெல்மணியைவிடக் குட்டை. சிறகு பால்வெள்ளை, அதன்மேல் பழுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஓரத்தில் வெளிறிய மஞ்சள்பழுப்புப் பட்டை. பெண் ஆணைவிடக் கொஞ்சம் பெரியது. பகலில் பயிருக்குள் பதுங்கிக் கிடக்கும்.

வயல் ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் முன்னே விளக்கைத் தொங்கவிட்டு, அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் ஏழு மணி முதல் உட்காருங்கள். நிலா இருந்தால் வருகை குறையும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு நெல்மணியை ஒட்டிவையுங்கள், அளவு சொல்ல அதைவிட நல்ல ஸ்கேல் டெல்டாவில் கிடையாது.

வேட்டிக்கு வரும் மற்றவர்களில் மூன்று பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் தண்டு துளைப்பானின் பெண் அளவில் இரண்டு மடங்கு வரும். வைக்கோல் மஞ்சள் முன்சிறகு ஒவ்வொன்றிலும் நடுவே ஒரே ஒரு கறுப்புப் பொட்டு, பின்முனையில் மஞ்சள் மயிர்க்கொத்து. ஆண் சின்னது, பழுப்பு. முழு வெள்ளைத் தண்டு துளைப்பான் என்று இன்னொரு இனம் உண்டு, அதற்குப் புள்ளியே இருக்காது. இலைச்சுருட்டுப் பூச்சி தங்கப்பழுப்பு, சிறகில் அலை அலையாகக் கருங்கோடு, ஓரம் கருத்திருக்கும்.

ஒருவருஷம் இந்த வெள்ளைப் பூச்சியின் மங்கலான படத்தைக் காட்டி ஓர் உரக்கடையில் கேட்டேன். பார்த்த மாத்திரத்தில் "தண்டு துளைப்பான்" என்று சொல்லிக் குருணை மருந்து கொடுத்தார்கள். குருத்து ஒன்றுகூடக் காயவில்லையே என்று எனக்கும் தோன்றவில்லை. காசு போனது ஒரு பக்கம், வாய்க்கால் ஓரத்துச் சின்ன மீன்கள் மல்லாந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குருத்து காய்வதும், மணி பிடிக்காமல் வெளுத்த வெண்கதிரும் இல்லாமல் தண்டு துளைப்பான் என்று யார் சொன்னாலும், எந்தத் தண்டில் என்று திருப்பிக் கேளுங்கள்.

குளம், குட்டை பக்கத்தில் விளக்கு வைத்தால் இதே குடும்பத்துத் தண்ணீர் அந்துப்பூச்சிகள் வேறு சிலவும் வரும். ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரங்களைத் தின்று வளரும் பாராபோயின்க்ஸ் இனமும் உண்டு. படத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். எந்த வயலில், எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத படத்துக்கு நான் இனப்பெயர் எழுதுவதில்லை, பேரினத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

முட்டை

கடைசியாக வைத்ததற்குக் காரணம், கண்டுபிடிக்க இதுதான் ரொம்பக் கஷ்டம். பெண் ராத்திரியில், தண்ணீரில் படிந்து மிதக்கும் இலையின் அடிப்புறத்தில் வைக்கும். அரை மில்லிமீட்டர், தட்டையான வட்டம், வெளிர்மஞ்சள், பக்கத்தில் பக்கத்தில் ஒன்றிரண்டு வரிசையாக. மேலே மயிர்ப்போர்வை இருக்காது. தண்டு துளைப்பான் முட்டைக்குவியலைப் பழுப்பு மயிர் மூடியிருக்கும், அதுவும் இலையின் நுனிப்பக்கம் இருக்கும். முட்டை முதிரும்போது உள்ளே இரண்டு கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். வரப்போகும் புழுவின் கண்கள் அவை. நான்கு நாள் கணக்கில் பொரிந்துவிடும். படிந்த தோகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், நூறில் ஒன்றில் இருந்தால் அதிர்ஷ்டம். நத்தைகள் நமக்கு முன்பே வந்து தின்றுவிட்டுப் போயிருக்கும். புழுவை நீர்வண்டுகளும் பூச்சியைச் சிலந்தியும் தும்பியும் பிடிக்கின்றன.

முட்டையிலிருந்து பூச்சிவரை எல்லாம் சேர்த்து மூன்று முதல் ஆறு வாரம். பயிரின் இளமைக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும், அடுத்தது வரும்போது தோகை தடித்திருக்கும். வரப்புப் புற்களிலும் இது வளரும் என்பதால் நெல் இல்லாத நாளிலும் ஆள் ஊரைவிட்டுப் போவதில்லை.

கண்டுபிடித்த பிறகு

வயல்காரர் உங்களைக் கேட்கும் முதல் கேள்வி "என்ன அடிக்கலாம்?" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். தூர் கட்டும் பயிர் இழந்த இலையை மீட்டுக்கொள்ளும், சிலசமயம் முதிர்ச்சி சில நாள் தள்ளிப்போகும். திட்டுத்திட்டாக வெளுத்து மனசு பொறுக்கவில்லை என்றால் பழைய முறை இருக்கிறது: இரண்டு பேர் எதிரெதிர் வரப்பில் நின்று கயிற்றைப் பயிர்மேல் இழுத்துக்கொண்டே போவது. செடியில் தொற்றியிருக்கும் கூண்டெல்லாம் தண்ணீரில் விழும். உடனே வடிகாலைத் திறந்து, மடையில் கொசுவலை வைத்துக் கூண்டைப் பிடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிட வேண்டும். தண்ணீர் இல்லாமல் செவுள் வேலை செய்யாது. தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டுக் கயிறு இழுப்பதும் பரிந்துரையில் உண்டு. தவளையும் மீன்குஞ்சும் உள்ள வயலில் எனக்கு அதில் விருப்பமில்லை. மழை பிடித்து வடிகாலே நிரம்பி நிற்கும் கார்த்திகையில் வடிக்க முடியாது, அப்போது ஒதுங்கின மூலையில் முறத்தால் வாரி எடுத்துவிடலாம். சித்தப்பா அப்படித்தான் ஒரு காலையில் இரண்டு வாளி வாரிக் கோழிக்குப் போட்டார். கோழிகள் கூண்டைக் கிழித்துப் புழுவைத் தனியாகப் பொறுக்கித் தின்றன.